வாத்தியார் விட்ட சுருட்டு

ரங்கூன் தோழியரே, இந்த ஊர் நியாயத்தைக் கேளுங்கள். மத்தியானச் சோறு தின்ற கையோடு பெண்கள் புகையிலையைக் கிள்ளிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கதை பேசுவார்கள்; யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அதே இலையைச் சுருட்டிப் பற்றவைத்தால் மட்டும் குடி முழுகிப்போகுமாம்! அங்கே அம்மாவும் நானும் பக்கத்து வீட்டு பர்மாக்காரியும் பின்வாசலில் உட்கார்ந்து ஒரே நெருப்பில் மூன்று சுருட்டையும் பற்றவைப்போம். கல்யாணமாகிப் பழங்காநத்தத்தில் ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடித்தனங்கள் இருக்கும் ஒரு வளவில் குடியேறியபோது அந்தப் பழக்கமும் என்னோடு கப்பலேறி வந்துவிட்டது.

என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். அவர் போனபிறகு மத்தியானம் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு பிடிப்பேன். வாசம் கதவுக்கு அடங்குமா? ஒரு சாயங்காலம் வளவுக்குச் சொந்தக்காரி பேச்சியக்கா வந்து நின்றார்.

“வாத்தியாரய்யா, பிள்ளகுட்டிக இருக்குற எடம். இம்புட்டுச் சுருட்டு வாசம் ஆகாது. ஆடி பொறக்குறதுக்குள்ள விட்டுருங்க, இல்ல வேற வீடு பாத்துக்கிருங்க.”

பீடிகூடத் தொட்டறியாத மனுஷர் என்னைத் திரும்பியும் பார்க்காமல், “விட்டுர்றேங்க்கா” என்றார். எனக்கு மானமே போயிற்று. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மீனாட்சி மேல் சத்தியம் செய்தேன். மறுநாள் மத்தியானமே அது காற்றில் போயிற்று. தனியாக உட்கார்ந்தால்தானே கை தேடுகிறது என்று முற்றத்துக்குப் போனேன். அங்கே பெண்கள் மண்டியிலிருந்து வந்த மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். நானும் கிள்ளினேன். பிறகு பாழாய்ப்போன ஆசையில் உள்ளே வந்து ஒரு சுருட்டைப் பற்றவைத்தேன். அடி ஆத்தே! உதடும் கண்ணும் பற்றி எரிந்தன. கண்ணீரோடு வெளியே ஓடிவந்தவளைப் பார்த்து, “அம்மா நெனப்பு வந்துருச்சாத்தா?” என்று மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டுக் குடித்தேன்.

அப்போதுதான் புத்தி வந்தது. தினமும் சோறு தின்றவுடன் மிளகாயில் கை வைத்துவிடுவேன்; அப்புறம் அந்தக் கை வாய்க்குப் போகுமா? ஆடி பிறப்பதற்குள் வாசம் ஓய்ந்தது. வளவே வாத்தியாரைக் கொண்டாடியது. “எப்புடிண்ணே விட்டீக?” என்று கேட்டவர்களிடம், “மொளகாக் காம்பு கிள்ளுங்க மாப்ள” என்றார். நான் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

பிறகொரு நாள் பேச்சியக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஈறெல்லாம் புண்ணு. இந்தப் பொகயிலைய விடணும். நீ எப்புடி விட்டன்னு சொல்லுத்தா.”

“நானா? அவரைக் கேளுங்கக்கா.”

“அவரு பள்ளிக்கூடத்துல இருக்கயிலதான வாசம் வரும்! எனக்குத் தெரியாதாக்கும்? ஒன் பேரச் சொல்லியிருந்தா இந்த வளவுல நீ எப்புடித் தல நிமிந்து நடப்ப?”

அழுதுவிட்டேன். மனசில் இருந்த பாரமெல்லாம் இறங்கிப்போயிற்று. சுளகிலிருந்த மிளகாயில் பாதியை அவர் பக்கம் தள்ளினேன்.

அம்மாவுக்கு இதையெல்லாம் சொல்ல மனம் வரவில்லை. கப்பலில் வருகிறவர்களிடம் இன்னும் சுருட்டுக்கட்டு கொடுத்தனுப்புகிறாள். ஒருமுறை முகர்ந்துவிட்டுச் சேலைகளுக்கு நடுவே வைத்துவிடுவேன். வெள்ளிக்கிழமை சுங்குடிச் சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகும்போது, தலையில் மல்லிகை இருந்தாலும், என்மேல் ரங்கூன் வாசம் லேசாக வீசும். கூட நடந்து வரும் பேச்சியக்கா ஒன்றும் கேட்பதில்லை.