பலகையில் காது வைத்துப் படுத்தவர்

டோல்கேட் சிக்னலில் நின்றிருந்தபோது ஜமால் பாயின் மகன் போன் செய்தான். "மாமா, அத்தா போயிட்டாரு, மௌத்தாயிட்டாரு. ஆஸ்பத்திரிலேர்ந்து நம்ம வண்டியிலயே வூட்டுக்கு இட்டுகினு போலாம்னு அம்மா சொல்லுது." பச்சை விழுந்ததே பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் தெரிந்தது.

காசிமேட்டில் மீன் ஏற்றிய உங்களுக்கெல்லாம் எங்கள் பழைய பிக்கப்பைத் தெரியும். அவரும் நானும் கூட்டாக வாங்கி, மாற்றி மாற்றி ஓட்டியது. "எது மக்கர் பண்ணாலும் மொதல்ல ஏன்னு கேளு, அப்பால திட்டு" என்பார் பாய். எனக்கு வரிசை நேர்மாறு.

போன வருஷம் வண்டியின் பின்பக்கம் ஒரு முனகல் கிளம்பியது. பின் ஆக்சிலின் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல் கியர் போய்விட்டது, உடைசலுக்குத் தள்ளிவிடுங்கள் என்றார் ஒரு மெக்கானிக். நான் அந்த மெக்கானிக்கைத் திட்டித் தீர்த்தேன். அந்த வண்டி போனால் இரண்டு குடும்பத்துக்கும் பிழைப்பில்லை. பாய்க்கோ சத்தம் எங்கிருந்து வருகிறதென்று தெரிந்தே ஆகவேண்டும். காலி வண்டியில் பின்னால் ஏறி, பலகையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டார். ஒரு தட்டு தட்டினால் நான் ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டும், இரண்டு தட்டினால் காலை எடுக்க வேண்டும்.

அப்படியே எண்ணூர் வரை போனோம். வழியில் திருவொற்றியூரில் நின்றபோது ஒரு பூக்காரம்மா எட்டிப் பார்த்து, "இன்னாபா, பாடியா?" என்றார். "பாடிதாம்மா, ஒரு டீ சொல்லு" என்று எழுந்து உட்கார்ந்தார் பாய். அந்தம்மா போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

இறங்கியதும் சொன்னார்: "டிஃபரன்ஷியல்னா கால வச்சா ஒரு சத்தம், எடுத்தா ஒரு சத்தம் வரும். இது மாறவேயில்ல மாமு. இடது சக்கரத்தாண்டதான் கத்துது." கழற்றிப் பார்த்தால் பேரிங் தேய்ந்து கிடந்தது. பிரேக் டிரம் முழுக்க ஆக்சில் ஆயில். மீன் வண்டியில் எந்நேரமும் ஐஸ் தண்ணீர் சொட்டும். அந்தச் சக்கரத்தின் ஈரத்தையும் ஐஸ் தண்ணீர் என்றே இருவரும் நினைத்திருந்தோம்.

பேரிங்கும், ஆயில் வெளியே கசியாமல் தடுக்கும் சீலும் மாற்றினோம். அன்றிலிருந்து வண்டி நிற்கும் இடத்தில் பேப்பர் விரித்தார் பாய். ஐஸ் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாக உப்புப் பூக்கும், ஆயில் காயாமல் வட்டமாகப் பரவும். வட்டம் மறுபடி விழுந்தது. "புது சீலு ஏன் ஒழுவுது?" என்று என் உயிரை எடுத்துவிட்டார். ஆக்சிலின் மேல் காற்றுப் போக ஒரு சின்ன மூடி உண்டு. மீன் செதிலும் உப்பும் அதை அடைத்திருந்ததை நான்தான் கண்டேன். சூடான காற்று வெளியேற வழியில்லாமல் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளியிருக்கிறது. அடைப்பைக் குத்தி எடுத்து, இன்னொரு சீல் போட்டோம். பேப்பர் சுத்தமானது. "நம்மாளு கண்டுபுடிச்சான்" என்று ராயபுரம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் பலகையைக் கழுவி, ஜமக்காளம் விரித்து அவரைக் கிடத்தினோம். வீடு வரை வண்டியில் ஒரு முனகலும் இல்லை. பாலம் ஏறும்போது, என்னையும் அறியாமல் ஒரு தட்டுக்காகக் காத்திருந்தேன்.

இப்போதும் பேப்பர் விரித்துத்தான் வண்டியை நிறுத்துகிறேன். முதலில் ஏன் என்று கேட்கவும் பழகிவிட்டேன். பாய் போனதற்கு மட்டும் அது முடியவில்லை. திட்டத்தான் வாய் வருகிறது.