சிவப்புப் பொட்டு வைத்த டம்ளர்

போன திங்கட்கிழமை காலை. டீயை உறிஞ்சிக்கொண்டிருந்த என் கணவர், திடீரென்று டம்ளரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இது நம்ம டம்ளர் இல்லையே?"

"இல்லை."

"அப்ப யாரோடது?"

"தெரியாது."

மனிதர் டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி டம்ளரைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன் — இவர் கேள்வி கேட்காமல் ஒரு டீ குடித்தது கிடையாது. சீனி கூடவா, பால் குறைவா, இலை புதுசா... ஆனால் அன்றைய கேள்வியில் கொஞ்சம் கலக்கமும் இருந்தது.

"யாரோடதுன்னே தெரியாத டம்ளர்லயா எனக்கு டீ குடுத்த?"

ஆமாம். அதில்தான் கொடுத்தேன். சந்தோஷமாகக் கொடுத்தேன். ஏன் என்று அவருக்குச் சொன்ன கதையைத்தான் இந்த வாரம் உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது யட்டவத்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில். மிளகு, கொக்கோ, றப்பர். மாத்தளை டவுனில் பஸ் ஏறி, இறங்கி, அப்புறம் ஒரு த்ரீவீல்காரரிடம் கெஞ்ச வேண்டும். ரோடு அந்த லட்சணத்தில் இருக்கிறது. அண்ணன் குடும்பம் இன்னும் அங்கேதான். அண்ணி புஷ்பம், தோட்டத்து மாதர் சங்கத் தலைவி.

சில மாதங்களுக்கு முன் அண்ணி போன் செய்தார். "கொழும்புப் பக்கமிருந்து டிசைன் படிக்கிற பிள்ளைங்க வர்றாங்களாம். நம்மளோட சேர்ந்து என்னமோ செய்யப் போறாங்களாம். நீ வந்து அவங்க பேசுறத எங்களுக்குச் சொல்லு."

எங்கள் பெண்களுக்குச் சிங்களம் தெரியாதா என்ன? சந்தையில் பேரம் பேசி ஜெயிக்கும் அளவுக்குத் தெரியும். ஆனால் 'நிலைபேறான வடிவமைப்பு' என்று யாராவது ஆரம்பித்தால் எந்த மொழியிலும் புரியாது. எனக்கும்தான். இருந்தாலும் போனேன்.

பிள்ளை மடுவத்தில் கூட்டம். வேலைக்குப் போகும் தாய்மார் பகலில் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. டிசைன் என்றதும் தையல் வகுப்பு என்று நினைத்து, பாதிப் பேர் ப்ளவுஸ் துணியோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள்!

வேனிலிருந்து இறங்கிய பிள்ளைகள் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். பவர்பாயின்ட் இல்லை, பேனர் இல்லை. தருஷி என்ற மாணவிதான் அவர்களுக்காகப் பேசினாள். அவள் சிங்களத்தில் கேட்டது ஒரே கேள்வி — "இங்கே உங்களுக்கு எது பெரிய தொல்லை?"

எங்கள் பெண்கள் வாயைத் திறந்தார்கள்... மூட வைக்க முடியவில்லை. கடைசியில் எல்லாரும் ஒரே விஷயத்தில் வந்து நின்றார்கள். கோயில் திருவிழா.

திருவிழாவில் என்ன தொல்லை என்கிறீர்களா? அம்மன் ஊர்வலம் வரும்போது தண்ணீர்ப் பந்தலில் எல்லாருக்கும் சர்பத் கொடுப்பார்கள். பிளாஸ்டிக் கப்பில். குடித்ததும் வீசுவோம். மறுநாள் மழை பெய்தால் அத்தனை கப்பும் உருண்டு போய்த் தண்ணீர் வடியும் கானை அடைத்துக்கொள்ளும். கான் நிரம்பி, சாக்கடைத் தண்ணீர் கீழ் லயத்து வரிசை வீடுகளுக்குள் போகும். வருஷா வருஷம் இதேதான்.

தருஷியின் கண்கள் மின்னின. "கப்புக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சொன்னபடியே வந்தார்கள். கூடையோடு வந்தார்கள். தருஷி மேலே மூடியிருந்த துணியை விலக்கினாள்.

தேங்காய்ச் சிரட்டை.

சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு அழகு. உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் பூசி, உருண்டுவிடாமல் நிற்க அடியில் மூங்கில் வளையம் ஒட்டியிருந்தார்கள். பிளாஸ்டிக் இல்லை, செலவு இல்லை, எறிந்தாலும் மண்ணோடு மண்ணாகிவிடும். தருஷியின் வீட்டில் காலையில் இலைக்கஞ்சி குடிப்பதே சிரட்டையில்தானாம். எனக்கே ஒன்றைக் கைப்பைக்குள் போட்டுக்கொள்ளலாமா என்று தோன்றியது.

நிமிர்ந்து பார்த்தேன். அண்ணி பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கூடை கை மாறிப் போய்க்கொண்டே இருந்தது, யாரும் ஒன்றையும் எடுக்கவில்லை. போன தடவை சளசளவென்று பேசிய கூட்டமா இது?

கூடை செல்வியிடம் வந்து நின்றது. செல்வி அந்த மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். அவளுடைய அப்பா முத்தையாதான் எங்கள் கோயிலில் தப்பு மேளம் அடிப்பவர். அவர் அடித்தால்தான் அம்மன் வெளியே வரும்.

செல்வி ஒரு சிரட்டையைக் கையில் எடுத்தாள்.

"எங்கப்பாவுக்கு முன்னாடியெல்லாம் பந்தல்ல இதுலதான் தண்ணி. மத்தவங்களுக்கு டம்ளரு. அப்பாவோட சிரட்டை பந்தலுக்குப் பின்னால வேலியில தொங்கும். ஒரு வயசுக்கு மேல அப்பா அதையும் வேணாம்னுட்டாரு. போத்தல்ல வீட்டுத் தண்ணி எடுத்துட்டுப் போவாரு. இந்தப் பிளாஸ்டிக் கப்பு வந்த பெறகுதாங்க பந்தலுக்கு முன்னாடி நின்னு சர்பத்து குடிச்சாரு. எல்லாருக்கும் ஒரே கப்பு. குடிச்சா வீசிறலாம். யாரு வாய் வச்சதுன்னு யாரும் பார்க்க மாட்டாங்க."

சிரட்டையைக் கூடையில் திருப்பி வைத்தாள்.

"கான் அடைச்சா தண்ணி வர்றது எங்க வீட்டுக்குள்ளதான். நாங்கதானே கீழ் லயத்துல இருக்கோம்? அப்படியும் அந்தக் கப்பு இருக்கட்டும்னுதான் இவ்வளவு நாளும் வாயத் தொறக்கல."

எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தைத்தானே நம் ஊர்களில் யாரும் பேசுவதில்லை?

"ஆன்டி... ஏதும் பிழையா?" என்று தருஷி என்னைக் கேட்டாள். மொழிபெயர்க்க வந்த ஆள் அல்லவா நான்! எங்கே ஆரம்பிப்பது, எதை மெதுவாகச் சொல்வது என்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தேன். அதற்குள் செல்வியே நேராக அவளைப் பார்த்து, சிங்களத்தில், ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள்.

தருஷியின் முகம் சுருங்கிப்போயிற்று. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெண் அழவில்லை, விளக்கம் சொல்லவில்லை, 'நாங்கள் நல்ல எண்ணத்தில்தான்' என்று இழுக்கவில்லை.

"தெரியாம கொண்டுவந்துட்டேன் அக்கா. இப்ப நாங்க என்ன செய்யணும்?"

"இத எடுத்துட்டுப் போங்க. ஆனா நீங்க திரும்பி வாங்க" என்றாள் செல்வி.

கூடை வேனுக்குப் போயிற்று. பிள்ளைகள் திரும்பி வந்து அதே பாயில் உட்கார்ந்தார்கள்.

அண்ணிதான் முதலில் பேசினார். "அப்ப சில்வர் டம்ளரே எடுப்போம். வீட்டுக்கு ரெண்டு. மாறிப்போகாம அடியில கியூடெக்ஸ் பொட்டு வச்சுக் குடுங்க."

எங்கள் பக்கம் அப்படித்தான். கல்யாண வீட்டுக்கோ காரிய வீட்டுக்கோ பாத்திரம் இரவல் கொடுத்தால், அடியில் நகப்பூச்சால் ஒரு பொட்டு. சிவப்பு ஒரு வீடு, ரோஸ் ஒரு வீடு. வேலை முடிந்ததும் கவிழ்த்துப் பார்த்து அவரவர் பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். எங்கள் அண்ணன் வீட்டுக்குச் சிவப்பு.

"பொட்டு வச்சா, திருப்பிப் பார்த்துட்டுத்தான் குடிப்பாங்க புஷ்பக்கா" என்றாள் செல்வி. "இது எந்த வீட்டு டம்ளருன்னு."

"பொட்டு இல்லாம நம்ம டம்ளர எப்படிடி எடுக்கிறது?"

"நம்மளோடது எதுக்கு? ரெண்டு குடுத்தவங்க ரெண்டு எடுத்துட்டுப் போங்க. எது கைக்கு வருதோ அது."

அடேயப்பா! அதற்குப் பிறகு நடந்த வாக்குவாதத்தை எழுத இந்தப் பக்கம் போதாது. கோயில் கமிட்டியில் ஒரு சண்டை, லயத்துக்கு லயம் ஒரு சண்டை. 'எங்க டம்ளர் வெயிட்டானது' என்று ஒரு வீடு. 'நாங்க சர்பத்தே குடிக்கிறதில்ல' என்று இன்னொரு வீடு. எல்லா வீடும் கடைசியில் சம்மதித்ததா? இல்லை. நிறைய வீடுகள் சம்மதித்தன. கடைசியில் அண்ணியே வீடு வீடாகப் போய், பொட்டு வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார். அதுவே எனக்கு ஆச்சரியம்தான்.

பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் வந்தார்கள். கேட்டார்கள், வரைந்தார்கள், அழித்தார்கள். கழுவுவது யார் என்ற கேள்வி வந்தபோது, குடித்தவரே கழுவிக் கவிழ்க்க வேண்டும் என்று பெண்கள் ஒரே குரலில் முடிவு செய்தார்கள். அதற்குப் பிள்ளைகள் பந்தலுக்கு முன்னாலேயே மேசை மாதிரி மூங்கிலில் ஒரு தட்டு கட்டினார்கள். பின்னால் அல்ல, முன்னால். குனியாமல் கழுவ இடுப்பளவு உயரம். கழுவிய தண்ணீர் வாழைக்குப் போக ஒரு குழாய். அழகான வேலை.

திருவிழா வந்தது. நானும் டவுனிலிருந்து என் பங்குக்கு இரண்டு டம்ளரோடு போனேன். என் அண்ணன் டம்ளர் கழுவுவதை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தேன். போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

அம்மன் பந்தலடிக்கு வந்து நின்றது. தப்பு ஓய்ந்தது. வேர்த்து விறுவிறுத்து முத்தையா அண்ணன் பந்தலுக்கு முன்னால் வந்து நின்றார். யாரும் பார்க்காத மாதிரி எல்லாரும் பார்த்தோம். செல்வி சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தோளில் தொங்கிய பையில் இருந்த தண்ணீர்ப் போத்தலை அவர் தொட்டுப் பார்த்துக்கொண்டதையும் கவனித்தேன்.

அண்ணி ஒரு டம்ளரில் சர்பத்தை மொண்டு நீட்டினார். வாங்கினார். ஓரடி பின்னால் போய், தலையை அண்ணாந்து, உதட்டில் படாமல் உயரத் தூக்கி ஊற்றினார். பழக்கம்... பாதி சர்பத் நெஞ்சில்தான் வழிந்தது.

தூக்கிய டம்ளரின் அடி எங்களுக்கு நேரே தெரிந்தது. அதில் பளிச்சென்று ஒரு சிவப்புப் பொட்டு!

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஊரையெல்லாம் பொட்டு வைக்கக் கூடாது என்று கண்டித்த சங்கத் தலைவி, தன் டம்ளருக்கு மட்டும் ஒளித்து வைத்திருக்கிறார். செல்வியும் பார்த்துவிட்டாள். இப்போது என்ன ஆகும்?

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். பந்தலை விட்டு வெளியே வந்தார்.

"முத்தையாண்ணே, வாய வச்சுக் குடிங்க. சட்டையெல்லாம் நனையுதுல்ல?"

வயதில் மூத்த அந்த மனிதரை 'ஏ முத்தையா' என்றுதான் எங்கள் லயத்தில் கூப்பிடுவார்கள். அண்ணியும் அப்படித்தான். அந்த 'அண்ணே' அவர் வாயிலிருந்து வந்ததை அன்றுதான் கேட்டேன்.

முத்தையா அண்ணன் அவரையே பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். டம்ளரை இறக்கி, உதட்டில் வைத்து, நிதானமாகக் குடித்தார். அண்ணி இன்னொரு தடவை ஊற்றினார். அதையும் குடித்தார். தட்டுக்குப் போய்க் கழுவி, மற்ற டம்ளர்களுக்கு நடுவில் கவிழ்த்து வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாம்பிராணிப் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

அன்று கூட்டம் கலையும் வரை தருஷி அந்தத் தட்டின் பக்கத்திலேயே நின்றாள். அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். "நாங்க கொண்டுவந்ததே பிழையாச்சே ஆன்டி" என்றாள்.

அதற்குத்தான் மகளே நன்றி! முதல் தடவையே நீங்கள் ஒரு நல்ல கப்பைக் கொண்டுவந்திருந்தால், கை தட்டி, டீ கொடுத்து அனுப்பியிருப்போம். செல்வி வாயைத் திறந்திருக்கவே மாட்டாள். பிழையோடு வந்தீர்கள், கேட்டுக்கொண்டீர்கள், திரும்பியும் வந்தீர்கள். படித்தவர்கள் எங்கள் தோட்டங்களுக்கு நிறையப் பேர் வருகிறார்கள். திரும்பி வருகிறவர்கள் எத்தனை பேர்? இந்தப் பத்தியை அந்தப் பிள்ளைகளுக்கும், அந்தச் சிரட்டையைக் கையில் எடுத்துப் பேசிய செல்விக்கும் கொடுக்கிறேன்.

சாயங்காலம் ஆளுக்கு இரண்டு டம்ளர் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். பார்க்காமல்தான் எடுத்தேன். அதில் ஒன்றுதான் என் கணவர் கையில் இருந்தது.

இந்தக் கதையை அவரிடம் சொல்லி முடிக்கவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. அண்ணி!

"அந்தப் பொட்டு வச்ச டம்ளரு இருக்கிற எடம் தெரிஞ்சிருச்சு."

"எங்க அண்ணி?"

"செல்வி வீட்டுல. நேத்துப் போயிருந்தேன், டீ குடுத்தா. குடிச்சு முடிச்சுக் கவுத்தப்பதான் பார்த்தேன்."

செல்வி வீட்டு வாசலோடு நின்று, 'இப்பதான் குடிச்சேன்' என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறவர் எங்கள் அண்ணி. உள்ளே போய் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார், பொட்டைப் பார்ப்பதற்கு முன்பே!

"கேட்டு வாங்கிட்டீங்களா?"

"எதுக்கு? அவங்க டம்ளரு எங்க வீட்டுலயோ உன் வீட்டுலயோ இருக்குமே!"

போனை வைத்துவிட்டுக் கணவரிடம் சொன்னேன். அவர் காலி டம்ளரை நீட்டி இன்னொரு டீ கேட்டார். அதே டம்ளரில்... அதுவும், ஒரு கேள்வி கூடக் கேட்காமல்!