வழியில் போகிறவரைக் கூப்பிட்ட கல்

அந்தக் கல் என்னைத்தான் கூப்பிடுகிறது என்று சட்டென்று புரிந்தபோது பயமாக இல்லை. யாரோ பேச்சுக்கொடுத்தார்களே என்றிருந்தது.

போன வருஷம், கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள். அப்பா போன பிறகு வந்த முதல் திருநாள். "என்னால அங்க வந்து நிக்க முடியாதுடா, நீ போயிட்டு வா" என்று அம்மா சொல்லிவிட்டாள். அண்ணன் துபாயில். ராயபுரம் கல்லறையில் எல்லாரும் குடும்பம் குடும்பமாகப் புல் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் சட்டைப்பையில் ஒரு தாளோடு பெயிண்டருக்காகக் காத்திருந்தேன்.

தாளில் இருந்தது லத்தீன். அப்பாவின் சிமெண்டு மேடையில் எழுத நானே கட்டிய ஒரு வரி. மூன்று வாரம் பிடித்தது.

லத்தீன் என்னைப் பிடித்த கதை சின்னது. சாவி, சன்னல், மேசை மூன்றும் போர்த்துகீசியர் கப்பலில் வந்த சொற்கள், அவற்றுக்கும் பிறந்தவீடு லத்தீன் என்று ஒருநாள் போனில் படித்தேன். டோல்கேட் பக்கம் எங்கள் வீட்டில் இருப்பதே ஏறக்குறைய அந்த மூன்றுதான். அன்றிலிருந்து விடவில்லை. கண்டெய்னர் லாரிகள் நகராத எண்ணூர் ரோட்டில் பைக்கில் உட்கார்ந்தபடியே வாய்ப்பாடு போல முணுமுணுப்பேன். கேட்க ஆளில்லை. ஒரு காலத்தில் மாதா கோயிலில் பூசையே லத்தீனில்தான். சாமியார் சொன்னால் பதில் சொல்ல ஆள் இருந்தது. இப்போது கேள்வியும் நானே, பதிலும் நானே. அப்பா மட்டும் துறைமுகத்திலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "இன்னிக்கு இன்னா புச்சா கத்துக்கின, எடுத்து வுடு" என்பார். அவருக்கு ஒன்றும் புரியாது. முழுசாகக் கேட்பார்.

அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கல், பாசி பிடித்துச் சாய்ந்து கிடந்தது. பெயர் இருந்த இடம் பெயர்ந்துவிட்டது. மிச்சமிருந்த லத்தீன் எழுத்தை விரலால் தடவிக் கூட்டிப் படித்தேன். 'வழியில் போகிறவரே, சற்று நில்லும். எனக்காக வேண்டிக்கொள்ளும்.' நான் படிக்க ஆரம்பித்த அத்தனை மாதத்தில் லத்தீனில் என்னிடம் எதையாவது கேட்ட முதல் ஆள் அவர்தான். எழுந்து நின்று, கேட்டபடியே அவருக்காக ஒரு பரலோக மந்திரம் சொன்னேன்.

அப்போதுதான் பெயிண்டர் வந்தான். என் வயதுதான் இருக்கும். பெயிண்ட் டப்பாவை அந்தக் கல்லின் மேலேயே வைத்தான்.

"இன்னா மாமு, தனியா பேசிக்கினு கீற?"

"இந்தக் கல்லு கேட்டுச்சு. சொன்னேன்."

"கல்லு கேட்டுச்சா! காலையிலயே ஏத்திக்கினியா?"

எழுதியிருப்பதன் அர்த்தத்தைச் சொன்னேன். அவன் சிரிப்பு நின்றது. டப்பாவைத் தூக்கித் தரையில் வைத்தான்.

"அடப்பாவமே. வருஷா வருஷம் இதும்மேலதான் டப்பா வெக்கிறேன். தமிழ்ல கேட்டிருந்தா நானே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருப்பேனே, நைனா." என்னிடம் கையை நீட்டினான். "சரி, உங்கப்பாருக்கு இன்னா எழுதணும், குடு."

தாளை எடுக்கக் கை போகவில்லை. நாலு பேரோடு வம்பளக்காமல் ஒரு டீ குடித்து முடிக்காத மனிதர் அப்பா. என் வரியைப் படிக்க இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான். நான் வராத நாளெல்லாம் அவர் யாரிடம் பேசுவார்?

"பேரும் தேதியும் மட்டும் எழுது. கீழ ரெண்டு வரிக்கு இடம் வுடு" என்றேன்.

அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது. அடுத்த திருநாளுக்குள் நிரப்பியாக வேண்டும். கூப்பிடும் வழக்கம் அந்தக் கல்லிடமிருந்து, பேச்சு அப்பாவிடமிருந்து. இதுவரை வந்தது இவ்வளவுதான்: 'இன்னா, கண்டுக்காம போற? செத்த நேரம் குந்து. எனக்கும் ஒரு மந்திரம் சொல்லிட்டுப் போ.'

அப்பா இப்படித்தான் கூப்பிடுவாரா என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை அவளிடம் படித்துக் காட்டப் போகிறேன்.