நான் இருந்தால் மட்டும் ஓடும் சர்வர்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. அதில் முதலிடம் போடி ஏலக்காய்க் கடைக்குத்தான். பெங்களூர் வேலையை விட்டுவிட்டுச் சின்னமனூருக்குக் குடிவந்த புதிதில், அந்தக் கடை அண்ணாச்சியிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "லினக்ஸ் அண்ணாச்சி. சாகவே சாகாது."

கடையில் நாலைந்து கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றிலும் காய்களின் படங்கள், ரக விவரங்கள், வடக்கே வாங்குகிறவர்களுக்கு அனுப்பும் விலைகள் எல்லாம் சிதறிக் கிடந்தன. எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்து, எந்த மேசையிலிருந்தும் எடுக்கலாம் என்று, லினக்ஸில் ஓடும் ஒரு சர்வர் வைத்துக் கொடுத்தேன். கோடை முழுக்க அது கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. மலைப்பக்கம் சாரல் ஆரம்பித்ததும் சாக ஆரம்பித்தது.

சாவென்றால் முனகல், இருமல் எதுவும் கிடையாது. அண்ணாச்சி போனைத் திரைக்கு நேரே பிடித்து வடக்கே யாருக்கோ படம் காட்டிக்கொண்டிருப்பார், பொசுக்கென்று எல்லாத் திரையும் கையை விரித்துவிடும். சர்வர் தனக்கு என்ன நடந்தது என்று ஒரு பதிவு எழுதிக்கொண்டே இருக்கும், அதைப் படித்தால் சீக்கு தெரியும் என்பது எங்கள் தொழிலின் நம்பிக்கை. இந்தப் பெட்டியின் பதிவில் எல்லாம் நலம், எல்லாம் நலம் என்றே இருக்கும். அப்புறம் ஒன்றுமே இருக்காது.

வீட்டிலிருந்தே பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பெட்டியை இணையத்தில் கோக்க அண்ணாச்சி விடவில்லை. நம் விலை அடுத்த கடைக்காரருக்குத் தெரிந்துவிடுமாம். அதனால் ஒவ்வொரு முறையும் சின்னமனூரில் பஸ் ஏற வேண்டும். ஏறும் முன் கடைக்கு ஒரு போன் அடிப்பேன். போய் இறங்கினால் சர்வர் அறை பளபளவென்று இருக்கும். தரை துடைத்து, சாம்பிராணி போட்டு, எனக்கொரு நாற்காலியும் பக்கத்தில் டீயும் வைத்திருப்பார்கள். பெங்களூரில்கூட இவ்வளவு சுத்தமான சர்வர் அறையை நான் கண்டதில்லை என்று ஒருமுறை பாராட்டினேன். காய் ரகம் பிரிக்கும் பெண்களுக்குத் தலைவியான அக்கா கூச்சத்துடன் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

நான் இருக்கும்வரை பெட்டிக்கு ஒரு தும்மல்கூட வராது. சூடு பார்த்தேன், மேகமலைக் காலை மாதிரி குளுகுளுவென்று இருந்தது. சூடு காரணமில்லை என்று அன்றே தீர்ப்பு எழுதிவிட்டேன். அதன்பிறகு அறிவாளிகள் செய்யும் எல்லாவற்றையும் செய்தேன். லினக்ஸின் கருவான கெர்னலைப் புதுப்பித்தேன். மெமரியைக் கழற்றி வேறு போட்டேன். பவர் சப்ளையை மாற்றினேன். கரண்டைச் சந்தேகப்பட்டு யுபிஎஸ்காரரிடம் சண்டை பிடித்தேன், அவர் இன்றுவரை என்னைக் கண்டால் சாலையின் அந்தப் பக்கம் போகிறார். ஊர் திரும்பி வீட்டில் காலை நீட்டினால் போன் வரும்.

"தம்பி, படுத்துருச்சு."

அண்ணாச்சி திட்டமாட்டார். அதுதான் கஷ்டமாக இருக்கும். "நீங்க இருந்தா ஓடுது, நீங்க பஸ் ஏறுனா படுக்குது. பேசாம உங்க சட்ட ஒண்ணக் கழட்டி அது மேல போத்திட்டுப் போங்க. நீங்க இங்கனதான் இருக்கீகன்னு நெனச்சு ஓடட்டும்" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் மெதுவாகச் சொன்னார், இந்த வருஷம் தொழிலில் வேறு ஒரு குறையும் இல்லை, சாரல் காலத்தில்கூட நம் கடை சாம்பிள் காய் இவ்வளவு மொறுமொறுப்பாக இருக்கிறதே என்று வடக்கே எல்லோரும் பாராட்டுகிறார்கள், உங்கள் பெட்டி ஒன்றுதான் மானத்தை வாங்குகிறது என்று. "இன்னொரு தடவ படுத்துச்சுன்னா பழையபடியே வச்சுக்கிறோம் தம்பி. மனசுல வச்சுக்காதீக."

அவர் மனசில் வைக்காதே என்றார், என் வீடு முழுக்க அதுதான் இருந்தது. ஊரில் எனக்கு இருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர் அவர். மழைக்காலம் முடிவதற்குள் இங்கே பிழைக்க வழி தெரியாவிட்டால் பெங்களூருக்கே திரும்பிவிடுவது என்பது எனக்கும் மனைவிக்கும் ஒப்பந்தம். பழைய மேனேஜர் வேறு அவ்வப்போது நலம் விசாரித்தபடி இருந்தார். எனக்குத் திரும்பிப்போக இஷ்டமில்லை. போக்குவரத்து நெரிசலில் உட்கார்ந்தே பாதி முடியை இழந்தவன் நான், மீதி முடியாவது சின்னமனூரில் கொட்டட்டும் என்று ஆசை. மனைவி பரண்மேல் இருந்த பெரிய சூட்கேஸை இறக்கித் துடைத்து வைத்தாள். எதற்கு என்று கேட்டேன். "சும்மா, தூசியா இருந்துச்சு" என்றாள்.

அந்த வாரம் போடியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. வேட்டி கட்டிப் போய், மொய் வைத்து, மூக்குமுட்டச் சாப்பிட்டு, தாம்பூலப் பையும் கையுமாக வெளியே வந்தால் சாரல் பிடித்துக்கொண்டது. கடை பக்கத்துத் தெருதான். ஒதுங்கலாம் என்று நுழைந்தேன். போன் பண்ணவில்லை. சர்வரைப் பார்க்கும் எண்ணமும் இல்லை, வயிறு இருந்த நிலையில் ஒரு சோடா கிடைத்தால் போதும் என்றிருந்தது. காய் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் வேட்டியில் வந்தவனை யாரோ காய் வாங்க வந்தவர் என்று நினைத்து நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஈரப் பையை வைக்கலாம் என்று சர்வர் அறையைத் திறந்தேன்.

சர்வர் இல்லை. அது இருந்த மூலையில் ஒரு கூடாரம் இருந்தது.

சாக்கு ஒன்றை மேலே போட்டு, அதன் மேல் பழைய போர்வையை விரித்து, நாலு பக்கமும் இறக்கிவிட்டிருந்தார்கள். தூக்கிப் பார்த்தேன். பெட்டியின் பின்பக்கம், சூடான காற்று வெளியேறும் இடத்தில், முறம் முறமாக ஏலக்காய். அணைத்தாற்போல் ஒட்டி நின்றன. இட்லிச் சட்டியைத் திறந்தது போல மூஞ்சியில் ஆவி அடித்தது. உள்ளே விசிறி ஓலமிட்டுக்கொண்டிருந்தது. நான் ஒரு முறத்தில் கை வைக்கும்போதே ஓலம் நின்றது. விளக்கு அணைந்தது.

அது என் கண்ணெதிரே செத்தது அதுதான் முதல் தடவை. என் வாழ்க்கையில் எந்தச் சாவுக்கும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

திரும்பினால் வாசலில் அக்கா. "சொல்லாமக் கொள்ளாம வந்துட்டீக" என்றார், ஏதோ நான்தான் தப்புச் செய்தவன் போல. விஷயம் மெல்ல வெளியே வந்தது. சாரல் காலத்தில் காய் நமத்துப்போகும். வெயில் அடித்தாலும் வெயிலில் வைக்க முடியாது, பச்சை வெளுத்துவிடும். நிழலும் வேண்டும், சூடும் வேண்டும். வடக்கே அனுப்பும் சாம்பிள் மட்டுமாவது மொறுமொறுவென்று போக வேண்டுமே என்று தேடிய அக்காவின் கண்ணில் என் சர்வர் பட்டிருக்கிறது.

"அது சும்மாதான தம்பி ஊதிக்கிட்டுக் கெடக்கு. காத்து வீணாப் போகுதேன்னு வச்சேன்."

சாக்கும் போர்வையும்? சூடு வெளியே போகாமல் இருக்க. அப்படியானால் நான் வரும்போதெல்லாம்? கம்ப்யூட்டர்காரர் வருகிற நேரத்தில் அறையைக் குப்பையாகவா வைத்திருப்பது என்று ஒதுங்க வைத்திருக்கிறார்கள். மரியாதை தெரிந்த கடை. நான் சின்னமனூரில் பஸ் ஏறியதும் முறங்கள் வெளியே போகும். போடியில் திரும்ப ஏறியதும் உள்ளே வரும். அந்த அறையில் மூச்சு முட்ட ஏலக்காய் வாசம் அடித்ததை நானும்தான் ஒவ்வொரு முறையும் முகர்ந்தேன். போடியில் எங்கேதான் அந்த வாசம் இல்லை என்று விட்டுவிட்டேன்.

"இதுனாலயா படுக்குது?" என்றார் அக்கா. முகம் வெளிறிவிட்டது. நான் பதில் சொல்வதற்குள் முன்கட்டிலிருந்து அண்ணாச்சி வந்து நின்றார். கையில் போன். யாருக்கோ பாதிப் படம் காட்டியிருக்கிறார்.

"படுத்துருச்சு, இல்ல?"

இன்னொரு தடவை என்று அவர் சொன்ன அந்த இன்னொரு தடவை இதுதான். நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொன்னால் என் தொழில் பிழைக்கும், அக்கா பாடு என்ன ஆகும் என்று தெரியவில்லை. மலைக்காற்று, மின்னழுத்தம் என்று அண்ணாச்சிக்குப் புரியாத ஒரு மழுப்பலை அவிழ்க்க ஆரம்பித்தேன். எனக்கே புரியவில்லை.

"தம்பி ஒண்ணும் பண்ணல அண்ணாச்சி" என்று அக்கா குறுக்கே விழுந்தார். "நாந்தேன். காய ஒட்ட வச்சு மூச்ச அடைச்சுப்புட்டேன்."

அண்ணாச்சி கூடாரத்தைப் பார்த்தார். முறங்களைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். வெளியே சாரல் தகரத்தில் படபடத்தது. குனிந்து ஒரு காயை எடுத்துக் கடித்தார். அந்தச் சின்ன அறையில் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. மெதுவாக மென்றார்.

"அப்ப வடக்க பாராட்டுனது இந்தக் காயத்தானா" என்றார். அக்கா தலையாட்டினார். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "தம்பி, பெட்டியும் ஓடணும், காயும் காயணும். முடியுமா?"

இத்தனை வருஷப் படிப்பில் யாரும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. முடியும் அண்ணாச்சி என்றேன். மறுநாளே தச்சரை வைத்து, பெட்டிக்குப் பின்னால் ஒரு கை தள்ளி, கம்பி வலை அடித்த தட்டுகளோடு ஒரு மரச்சட்டம் நிறுத்தினோம். காற்று தாராளமாக வெளியேறி, போகிற போக்கில் காயைத் தடவிவிட்டுப் போகும். பெங்களூரில் இதைப் படம் வரைந்து பெரிய பெயர் வைத்திருப்பார்கள். இங்கே அக்கா அதற்குப் பொட்டு வைத்துவிட்டுக் காயைப் பரப்பினார். அந்தச் சாரல் முடியும்வரை சர்வர் சாயவில்லை. காயும் நமத்துப்போகவில்லை.

என் பேரும் புகழும் போடிக் கடைவீதியில் பரவிய விதம்தான் கொஞ்சம் இடறியது. ஒரு காலையில் புதிய எண்ணிலிருந்து போன். அண்ணாச்சி கடைக்கு நாலு கடை தள்ளி இருக்கும் இன்னொரு காய் வியாபாரி.

"அண்ணாச்சி கடையில ஒரு பெட்டி போட்டுக் குடுத்தீகளாமே தம்பி, காய் வாட்டுறதுக்கு. அது மாதிரி நமக்கும் ஒண்ணு வேணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அதுல கம்ப்யூட்டர் வேலையும் பாக்கலாமாமே, நெசமா?"

"பாக்கலாம் அண்ணாச்சி" என்றேன்.

பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி சூட்கேஸைத் தூக்கித் தந்தாள். நாற்காலி போட்டு ஏறி, பரண்மேல் அதன் பழைய இடத்திலேயே தள்ளினேன். கை வழுக்கி அது என் தலையில் விழுந்தது வேறு விஷயம்.