மஞ்சளாய்ப் போன ஆரத்தி

எட்டாம் வகுப்பில் அறிவியல் டீச்சர் செய்து காட்டியது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு டம்ளர் மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பைக் கலக்கினார், செக்கச்செவேல் என்று ஆனது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார், மறுபடி மஞ்சள். சுண்ணாம்பு காரம், எலுமிச்சைச் சாறு அமிலம், ஒன்றை ஒன்று அடக்கிவிடும் என்று சொல்லிக்கொண்டே திரும்பவும் சுண்ணாம்பு போட்டுச் சிவப்பாக்கினார். "இதத்தான் உங்க வீட்ல ஆரத்தின்னு சுத்துறாங்க" என்றார். குறைகுடம் கூத்தாடும் என்பார்கள். அந்த வாரம் நான் ஆடிய கூத்தில் வீட்டு மஞ்சள்பொடி டப்பா பாதி காலியானது.

அடுத்த வாரம் மாமாவுக்குக் கல்யாணம். அப்பா பட்டாளத்தில் இருந்ததால் அம்மாவும் நானும் ராஜபாளையத்தில் மாமா வீட்டில்தான் இருந்தோம். தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அம்மா. அதனால் அந்த வீட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம். பெண்ணுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவர் என்று கேள்விப்பட்டதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

தாலி கட்டி முடித்துப் பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். நாத்தனார் முறைக்கு அம்மா ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். இறங்கியது சரியாகப் பதிவாகவில்லை என்று வீடியோக்காரர் இருவரையும் மறுபடி காரில் ஏறி இறங்கச் சொன்னார். அந்த நேரத்தில் அம்மா தட்டை உள்ளே ஸ்டூலில் வைத்துவிட்டுச் சேலை மடிப்பைச் சரிசெய்யப் போனாள். எனக்கு அது போதுமாக இருந்தது. கையில் தயாராக ஒளித்து வைத்திருந்த அரை எலுமிச்சம்பழத்தை முழுசாகப் பிழிந்துவிட்டேன். தட்டு மஞ்சளானதைப் பார்த்து எல்லாரும் திகைக்க வேண்டும். அப்போது இன்னொரு கையில் இருக்கும் சுண்ணாம்பைக் கலக்கிச் சிவப்பாக்கிக் காட்ட வேண்டும். அத்தனை பேரும் கை தட்டுவார்கள், முக்கியமாகப் புது அத்தை தட்டுவார் என்பது என் கணிப்பு.

அம்மா அவசரத்தில் வந்து, பார்க்காமலே தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வாசலில் ஒரு சுற்று சுற்றிய பிறகுதான் கூட்டத்தில் ஒருத்தி பார்த்தாள்.

"ஆத்தாடி, ஆரத்தி மஞ்சளாப் போச்சே!"

அம்மா சுற்றுவதைப் பாதியில் நிறுத்தினாள். அபசகுனம் என்று யாரோ சொல்ல, அது வாய்க்கு வாய் மாறித் தெருமுனை வரை போனது. வேறு தட்டுக் கரைத்து வர ஐந்து நிமிடம் ஆனது. அதுவரை அத்தை கழுத்தில் மாலையோடு, தலையைக் குனிந்தபடி படிக்கு வெளியிலேயே நின்றார். நான் கதவுக்குப் பின்னால் சுண்ணாம்பைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு நின்றேன். உள்ளங்கை எரிந்தது. ஓடிப்போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கதவை இன்னும் ஒட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் பந்தியில் நான் சோற்றைப் பிசைய முடியாமல் விழிப்பதைப் பார்த்து, அத்தை என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். கையை விரித்துப் பார்த்தார். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் கழுவினார்.

"இதுல சுண்ணாம்பு. எலுமிச்சம்பழம் எந்தக் கையில இருந்துச்சு?"

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"சரி, அழாத. தட்டுல எலுமிச்சங்கொட்டை மெதந்தப்பவே எனக்குத் தெரியும்" என்று சிரித்தார். தெரியவேண்டியவருக்குத் தெரிந்துவிட்டது, விஷயம் தீர்ந்தது என்று எனக்கும் பாரம் இறங்கிவிட்டது.

தீரவில்லை. முதல் பிள்ளை மூன்றாம் மாதம் கலைந்தது. "அன்னைக்கு வாசல்லயே காட்டிருச்சே" என்றாள் அம்மா. மாமா பைக்கிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதற்கும் ஆரத்திதான் காரணமானது. ஒருநாள் அத்தை பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தார்.

"மதினி, மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்துதான செவப்பு? அதுல புளிப்பு பட்டா மாறத்தான் செய்யும். அம்புட்டுத்தான்."

"நான் கரைச்ச ஆரத்தியில புளிப்ப யாரு வந்து ஊத்துனா? படிச்ச திமிரு பேசச் சொல்லுது!"

அத்தை என்னை ஒரு தடவை பார்த்தார். நான் நோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். என் பெயரை அவர் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காத நல்ல அத்தை என்று மனசுக்குள் கொண்டாடினேன்.

இரண்டாவது பிள்ளை பிறந்து ஒருநாள்தான் இருந்தது. அதைப் புதைத்து வந்த பிறகு அத்தை யாரிடமும் பேசவில்லை. ஒரு மாதம் போனதும் அம்மா மாமாவிடம், "அவ கொஞ்ச நாள் அவிய வீட்ல இருக்கட்டும்" என்றாள். மாமா அம்மாவின் பேச்சை என்றைக்கும் தட்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் அரைமணி நேர பஸ் தூரம்தான். ஆனாலும் அத்தை அதன்பிறகு திரும்பி வரவேயில்லை.

அந்த வீட்டில் அத்தை சொன்னால் திமிர், நான் சொன்னால் சாட்சி. பத்தாம் வகுப்புக்கு வந்தும் இந்தச் சின்னக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

போன அன்றைக்கு அத்தையைக் கூட்டிப்போக அவருடைய அண்ணன் கார் கொண்டு வந்திருந்தார். பெட்டியை ஏற்றியாகிவிட்டது. அம்மாவும் மாமாவும் முன்னறையில் நின்றார்கள். காரில் ஏறப்போன அத்தை திரும்பி வந்து என் முன்னால் நின்றார். அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி என் முகத்தையே பார்த்தார். செத்த நேரம் அப்படியே நின்றார். எதையோ மறந்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஓடிப்போய் அவருடைய தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து கொடுத்தேன். அத்தை அதை வாங்கிக்கொண்டு போனார்.