முக்கோணம் போட்ட ஜீப்

ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் பேட்டர்ன் பிரிவில் கிறிஸ்டினா இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். பாத வடிவில் கடைந்த கட்டைமேல் காகித டேப்பை வரிசையாக ஒட்டி, பென்சிலால் கோடு போட்டு, கத்தியால் கீறி உரித்து, அட்டைமேல் படிய வைத்து வெட்ட வேண்டும். அந்த அட்டையை அளவாக வைத்துத்தான் தோல் வெட்டுவார்கள். அரை மில்லி பிசகினால் ஆயிரம் ஜோடி செருப்பும் பிசகும்.

இந்த வேலை அவளுக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்திருந்தது. எந்த வளைவைக் கண்டாலும், இதை எங்கே வெட்டி எங்கே சேர்த்திருப்பார்கள் என்று தேடுவாள். கல்யாண வீட்டுக்குப் போனால் பித்தளை அண்டாவின் கழுத்தைத் தடவிப் பார்ப்பாள். பேருந்தில் முன்சீட்டுக்காரரின் சட்டைக் காலரை உற்றுப் பார்த்து, அவர் திரும்பி முறைத்ததும் உண்டு. கணவன் ஜெயசீலன் செருப்புப் பெட்டி செய்யும் அட்டைக் கம்பெனியில் இருக்கிறான். "கண்ண கொஞ்ச நேரம் சும்மா வெச்சுக்கினு வா கிறிஸ்டி" என்பான்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவர்கள் பைபாஸுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய வீட்டை வாங்கினார்கள். பின்புறம் புளியமரம், அதன் கீழே ஒரு ஜீப். நான்கு சக்கரத்திலும் காற்று இல்லை. மேலே மெரூன் பெயிண்ட் உப்பிப் போய், பின்மூலைகள் துருவேறிச் சல்லடையாகியிருந்தன. வீட்டை விற்றவர் ஏலகிரி மலையில் பலாப்பழம் ஏற்ற அதை வைத்திருந்தாராம். ஆர்சி புத்தகத்தையும் சாவியையும் கையில் கொடுத்து, "வேணாம்னா எடைக்குப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெயசீலன் எடைக்கடைக்காரரைக் கூட்டிவந்தான். அவர் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கிறிஸ்டினா இடது பின்மூலையில் குந்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத் தகடும் பின்தகடும் அங்கே ஒரே உருண்டையாகத் திரும்பின. அதன் அடிவிளிம்பு உள்பக்கமாக மடிந்திருந்தது. மடிப்பில் சுருக்கமே இல்லை. தோலாக இருந்தால் அந்த இடத்தில் மடிப்பு மடிப்பாகக் கொசுவம் விழும். கொசுவத்தைச் சீவித்தான் ஒட்டுவார்கள். இரும்பில் அந்த உபரி எங்கே போயிற்று?

"இத விக்க வேணாங்க" என்றாள்.

"இன்னாத்துக்கு?"

"இதெப்படி மடிச்சான்னு தெரிஞ்சுக்கணும்."

எடைக்கடைக்காரர் ஜெயசீலனை இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்த பிறகுதான் வேலை. முதலில் ஒரு திருப்புளியின் பிடியால் ஜீப்பின் உடம்பு முழுக்கத் தட்டிப் பார்த்தாள். நல்ல தகடு கணீரென்றது. சில இடங்கள் ஈரச்சுவர் போலச் சொத்தென்றன. அங்கே ஓட்டையை அடைக்கக் கட்டைவிரல் தடிமனுக்குப் பட்டி பூசியிருந்தார்கள். உளியால் நெம்பினால் பட்டி பிஸ்கட் மாதிரி பெயர்ந்து விழுந்தது. வலது பின்மூலையில் தகடே இல்லை. வெறும் பட்டியும் அதற்குள் ஒரு கோணித் துண்டும்தான்.

இடது மூலை நன்றாக இருந்ததால் அதன்மேல் டேப் ஒட்டி, உரித்து, அட்டை வெட்டினாள். அந்த அட்டையைப் புரட்டிப் போட்டால் வலது மூலை. டேப் தட்டையாகப் படியாத இடங்களில் ஆப்பு ஆப்பாகச் சீவினாள். அட்டை ஜெயசீலனின் கம்பெனிக் கழிவு. அவன் அதைச் சைக்கிள் பின்னால் கட்டிக்கொண்டு வந்து போடுவான். "செருப்பு தைக்கப் போறியா இதுக்கு?" என்று மட்டும் கேட்பான்.

டிங்கரிங் வேலைக்குச் சமீருல்லா வந்தார். பைபாஸில் பட்டறை வைத்திருப்பவர். கிறிஸ்டினா நீட்டிய அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"முப்பது வருஷமா தகட்டத் தட்டுறேன்மா. அட்டை வெட்டி வெச்சுக்கினு யாரும் என்னக் கூப்ட்டதில்ல."

"பாய், அந்த மடிப்புல உபரித் தகடு எங்க போவுது?"

"எங்கயும் போவாது. சூடு பண்ணி மெதுவாத் தட்டினா அதுக்குள்ளயே அடங்கிடும். அந்த எடம் கொஞ்சம் கனமாயிடும், அவ்ளோதான்."

இடது மூலையின் மடித்த விளிம்பைக் காட்டினார். கிறிஸ்டினா விரலிடுக்கில் வைத்து அழுத்திப் பார்த்தாள். ஒரு மயிரிழை தடிமன் அதிகமாக இருப்பது போலத்தான் பட்டது. தோலில் வெட்டி எறிவதை இரும்பு தனக்குள்ளேயே வாங்கிக்கொள்கிறது. அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

சமீருல்லா அடுத்து வருவதற்குள் இடதுபக்கத்துப் பழைய பெயிண்டை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். ரிமூவரைத் தடவிவிட்டு, பெயிண்ட் குமிழியாக எழும்பியதும் சுரண்டினாள். மெரூனுக்கு அடியில் பச்சை. பச்சைக்கு அடியில் மஞ்சள். இந்த வண்டி எத்தனை கை மாறியிருக்கும் என்று ஆர்சி புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். முதல் பக்கம் நனைந்து மை ஊறி வெறும் நீலமாகியிருந்தது. அதற்குப் பிறகு ரிமூவரை விட்டுவிட்டு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு அடுக்காகத் தேய்த்தாள். அவசரப்பட்டால் ஒரு அடுக்கைத் தவறவிட்டுவிடுவோம் என்றிருந்தது.

மஞ்சளுக்குக் கீழே வெள்ளை வந்தது. வெள்ளையின் நடுவே ஒரு சிவப்பு. தேய்க்கத் தேய்க்கச் சிவப்புக்கு ஒரு நேர்விளிம்பு கிடைத்தது, பிறகு இன்னொன்று. மத்தியானத்துக்குள் ஒரு முழு முக்கோணம் வெளியே வந்துவிட்டது. முனை கீழே பார்த்தபடி ஒரு முழத்துக்கு நின்றது.

"ஏங்க, வந்து பாருங்களேன்!"

ஜெயசீலன் வந்தான். கையிலிருந்த டீ கிளாஸோடு அப்படியே நின்றான்.

"இது கவர்மென்ட் வண்டி கிறிஸ்டி. குடும்பக் கட்டுப்பாட்டு வண்டி."

"அப்படியா? எவ்ளோ நேராப் போட்டுருக்கான் பாருங்க, விளிம்பு..."

"பெயிண்ட அடிச்சு மூடிடு."

அவன் குரலைக் கேட்டுத்தான் அவள் நிமிர்ந்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். அவர்களுக்குக் குழந்தை இல்லை. கோயிலில் ஆராதனை முடிந்ததும் யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கர்த்தர் ஒரு நேரம் வெச்சிருப்பாரு" என்பார்கள். இப்போது கொஞ்ச காலமாக அதுவும் குறைந்துவிட்டது. அப்படிப்பட்ட வீட்டில் இந்தச் சின்னத்தோடு ஒரு வண்டி நின்றால் தெருவே சிரிக்கும். அவளுக்கு அதுவரை அது வெறும் வடிவமாகத்தான் தெரிந்திருந்தது.

"செரி" என்றாள். ஆனாலும் மூடுவதற்கு முன் ஒரு பேட்டர்ன் அட்டையில் முக்கோணத்தைப் படியெடுத்து, தேதி எழுதி, ஆணியில் மாட்டினாள்.

அந்த வாரம் கீரைக்கார முனியம்மா வந்தார். மாதனூர்ப் பக்கத்து ஆள், வயது எழுபதை நெருங்கும். சிறுகீரைக் கட்டை எடுத்துக் கொடுக்கப் பின்கட்டுக்கு வந்தவர், இன்னும் மூடாத முக்கோணத்தோடு நின்ற ஜீப்பைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டார்.

"அடி ஆத்தே! இது எங்கம்மா கெடைச்சுது ஒனக்கு?"

"தெரியுமா பெரிம்மா இது?"

"தெரியுமாவா? இது வர்றத தூரத்துல பாத்தாலே எங்க ஊரு ஆம்பளைங்க ஒருத்தன் இருக்க மாட்டான். கம்பங்கொல்லையில பூந்துக்குவானுங்க. புடிச்சா அறுத்துடுவாங்கன்னு பயம். எம் புருசன் ரெண்டு நாளு மலைமேல இருந்தான், சோறு தண்ணி இல்லாம."

"நீங்களும் ஓடினீங்களா?"

"நா எங்க ஓடுறது? எனக்கு நெற மாசம். மொத புள்ள. எல்லாரும் ஓடுறாங்களேன்னு நானும் பத்தடி வெச்சேன். அதோட வலி புடிச்சுக்கிச்சு."

கிறிஸ்டினா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவரை உட்கார வைத்தாள். முனியம்மா சொன்னபடி, அன்று ஊரில் மிஞ்சியிருந்தது கிழவிகளும் குழந்தைகளும்தான். ஜீப்பில் வந்த நர்சம்மா இறங்கிப் பார்த்துவிட்டு, இவரைத் தூக்கிப் பின்னால் படுக்க வைக்கச் சொன்னாள். ஆம்பூர் ஆஸ்பத்திரிக்குக் குறுக்கு வழி பாலாற்று மணல் வழியாகத்தான். பாதி ஆற்றில் சக்கரம் மணலில் இறங்கிவிட்டது. டிரைவர் இறங்கி மணலை வாரிப் பார்த்தார். உள்ளே இவர் போட்ட சத்தத்தில் வாருவதையும் விட்டுவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு தூரத்தில் போய் நின்றுகொண்டார். நடு ஆற்றில், ஜீப்பின் பின்பக்கத் தரையிலேயே பிள்ளை பிறந்தது.

"தொப்புள் கொடிய அறுத்துட்டு நர்சம்மா இன்னா சொல்லிச்சு தெரியுமா? 'கணக்குல ஒண்ணு கம்மி பண்ண வந்தோம், ஒண்ணு ஜாஸ்தியாயிடுச்சே'ன்னு. அந்த வலியிலயும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு."

"பையனா?"

"மூர்த்தி. ஓசூர்ல கம்பெனி பஸ்ஸு ஓட்டுறான். ஊருல யாரும் பேரு சொல்லமாட்டாங்க, ஜீப்புன்னுதான் கூப்டுவாங்க."

கிறிஸ்டினாவுக்குக் கேள்விகள் நிற்கவில்லை. தலை எந்தப் பக்கம் இருந்தது? பிடித்துக்கொள்ள கம்பி இருந்ததா? முக்கோணம் இந்தப் பக்கமா, இரண்டு பக்கமுமா? முனியம்மா யோசித்து யோசித்துச் சொன்னார். கடைசியில் அவள் கேட்க நினைத்ததைத் தானே சொல்லிவிட்டார்:

"இதே வண்டிதானான்னா எனக்குத் தெரியாதும்மா. அப்ப எல்லா ஜீப்புலயும் முக்கோணம் போட்டுருந்துச்சு."

அவர் போன பிறகுதான் கிறிஸ்டினா கவனித்தாள். ஜெயசீலன் உள்ளே ஜன்னலருகில் கன்னத்தில் சோப்பு நுரையோடு நின்றிருந்தான். நுரை காய்ந்து போயிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு அவள் வேலூர் போனாள். பின்தகட்டில் பெயிண்டுக்கு அடியில் கிடைத்த பழைய நம்பரைக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்தில் கேட்டாள். அங்கிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். ஐம்பது வருஷத்துப் பதிவேடு யாரிடமும் இல்லை. ஓர் எழுத்தர் மட்டும் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"எதுக்கு மேடம், ஏதாச்சும் கேஸா?"

"இல்ல சார். தெரிஞ்சுக்கலாம்னுதான்."

அந்தப் பதில் அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் டீ வாங்கிக் கொடுத்தார். லாங் பஜாரில் உப்புத்தாளும் பிரைமரும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் திரும்பினாள். தெரியாமல் திரும்பியதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை. இதுவாக இருக்கலாம் என்பதே நினைத்து நினைத்துப் பார்க்கப் போதுமானதாக இருந்தது.

சமீருல்லா இடதுபக்கத்து வேலைக்கு வந்தார். அடித்தகடு ஒரு ஜாணுக்கு மேல் அரித்திருந்தது. அரிப்பின் ஒரு நாக்கு முக்கோணத்தின் முனைக்குப் பக்கத்தில் ஏறியிருந்தது. அவர் சாக்பீஸால் குறுக்கே ஒரே நேர்கோடு போட்டார். கோடு முக்கோணத்தின் முனையை நான்கு விரல் உயரத்தில் வெட்டிப் போனது. கிரைண்டரை எடுத்தார்.

மூடிவிடுகிறேன் என்று கிறிஸ்டினா சொல்லியாகிவிட்டது. ஆனால் போன வாரமே முனையைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி ஓர் அட்டை வெட்டி, புளியமரத்துக் கிளையில் தொங்கவிட்டிருந்தாள். ஏன் வெட்டினாள் என்று யாரும் கேட்கவில்லை.

"பாய், கொஞ்சம் இருங்க" என்றது ஜெயசீலன்தான். கிளையிலிருந்து அட்டையைக் கழற்றி வந்து நீட்டினான். "இது மாதிரி வெட்டுங்க."

சமீருல்லா பார்த்தார். "இது பேஜார் புடிச்ச வேலைப்பா. நேரா வெட்டினா ஒரு மணி நேரம். இப்டி வளைஞ்சு வளைஞ்சு வெல்டிங் அடிச்சா நாளெல்லாம் போவும். சூட்டுல பெயிண்ட் வேற கருகிடும்."

"ஈரத்துணி போட்டுக்கினே இருக்கேன் பாய். நீங்க அடிங்க."

அன்று முழுக்க சமீருல்லா ஒரு அங்குலம் ஒரு அங்குலமாகப் பற்றவைத்தார். ஜெயசீலன் முக்கோணத்தின்மேல் ஈரக் கோணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். காய்ந்ததும் நனைத்தான். கிறிஸ்டினா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கோணியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தெரு சிரிக்குமே என்று அவளும் கேட்கவில்லை. முனையில் ஒரு ஓரம் மட்டும் லேசாகக் கருகியது.

பொங்கலுக்குள் ஜீப்பின் உடம்பு வேலை முடிந்தது. வெள்ளையைத்தான் அடித்தார்கள். முக்கோணத்தைத் தொடாமல், அதன்மேல் நிறமில்லாத வார்னிஷ் மட்டும் கிறிஸ்டினா பூசினாள். தெருக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஜெயசீலன் அவரைக் கையைப் பிடித்து ஜீப்பின் பின்பக்கம் அழைத்துப் போய், பாலாற்று மணலில் சக்கரம் மாட்டியதிலிருந்து ஆரம்பித்தான். அவன் சொன்னபோது கதையில் மணல் இன்னும் கொஞ்சம் ஆழமாகியிருந்தது.

காணும் பொங்கலன்று முனியம்மா மகனை அழைத்து வந்தார். ஐம்பதைத் தொடப்போகிற ஆள், தொந்தியும் நரையுமாக. கூச்சத்தோடு இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகு பின்பக்கம் ஏறி, இரண்டு சக்கர மேடுகளுக்கும் நடுவே உட்கார்ந்து பார்த்தார்.

"இங்கயாம்மா? காலே நீட்ட முடியலயே."

"நீ ஒரு மொழந்தான்டா இருந்த. எனக்குத்தான் எடம் பத்தல."

அவர் இறங்கி வந்து முக்கோணத்தின் எதிரே நின்றார். நாள் முழுக்க வண்டி ஓட்டுகிறவரின் தடித்த விரலால் விளிம்பைத் தடவினார்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? இத ஏன் தலைகீழாப் போட்டாங்க?"

அத்தனை மாதம் அதைத் தேய்த்தும் படியெடுத்தும் இந்தக் கேள்வி கிறிஸ்டினாவுக்குத் தோன்றவே இல்லை. ஜெயசீலனைப் பார்த்தாள். அவனுக்கும் தெரியாது. முனியம்மா, "குனிஞ்சு நடன்னு சொல்றதுக்கா இருக்கும்" என்றார். டீ குடிக்க வந்திருந்த சமீருல்லா, பெயிண்டர் அட்டையைத் தப்பாகப் பிடித்திருப்பான் என்று சத்தியம் செய்தார். ஆளுக்கொன்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது கிறிஸ்டினா மட்டும் முக்கோணத்தின் முன்னால் குந்தி, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.