ஜப்பான் கோயில்ல சப்பாத்தைக் கழட்டின நாள்

நீங்கள் சிரிப்பீங்கள் எண்டு தெரியும் அண்ணை, சிரியுங்கோ. லண்டன் ஹரோவில இவ்வளவு காலம் பொயிலர் திருத்துறன், பழைய வீட்டுக்குள்ள என்ன சத்தம் கேட்டாலும் பைப்புக்குள்ள காத்து எண்டு சொல்லுற ஆள் நான். பேய், சாமி ஒண்டையும் நம்பினதில்லை, கோயிலுக்குப் போறதே மனுசியின்ர வாய்க்குப் பயந்துதான்.

போன ஈஸ்டர் லீவுக்கு நானும் மனுசியும் ஆறு வயசு மகள் ஆரணியும் ஜப்பானுக்குப் போனனாங்கள். அங்க மலையில ஒரு பழைய ஷிண்டோ கோயில், சிவப்பு மர வாசல், உள்ளுக்கு முழுக்கக் காடு. வாசலைக் கண்டதும் எங்கட பழக்கத்தில மூண்டு பேரும் சப்பாத்து, சொக்ஸ் எல்லாம் கழட்டி ஓரமா வைச்சிட்டு வெறுங்காலோட நடந்தம். அங்க வெளியில ஒருத்தரும் கழட்டுறேல்லை, சனம் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தது. மழை பெய்து விட்ட நேரம், கால் முழுக்கச் சேறு.

கும்பிட்டு முடிய மனுசி, "வந்தது வந்தம், ஒருக்கா சுத்திக் கும்பிடுவம்" எண்டா. பின்பக்கம் போனால் எங்கட கோயில் மாதிரிச் சுத்துறதுக்குப் பாதை இல்லை, மரமும் பள்ளமும்தான். திரும்பிப் பார்த்தன், பிள்ளையைக் காணேல்லை.

என்ர சீவன் போயிட்டுது அண்ணை. கத்திக் கத்தித் தொண்டை அடைச்சுப்போச்சு, மனுசி விழுந்தெழும்பி அழுறா. கடைசியில நான், ஒண்டையும் நம்பாத நான், இந்தக் கோயில்ல ஆர் இருந்தாலும் என்ர பிள்ளையைக் கொண்டுவந்து தா எண்டு கெஞ்சினன். வெக்கம் பார்க்கேல்லை.

வாசலுக்கு ஓடி வந்தால், ஆரணி எங்கட சப்பாத்துகளுக்குப் பக்கத்தில குந்திக்கொண்டு இருக்கிறாள்.

"எப்பிடியம்மா வந்தனீ?"

"ஒரு அன்ரி கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்தவ. அப்பா கேக்கிறார், வா எண்டவ."

சுத்திப் பார்த்தால் ஒரு சனமில்லை. கட்டிப்பிடிச்சு அழுது முடிச்சுத்தான் காலைப் பார்த்தனான். எங்கட ரெண்டு பேரின்ர காலும் சேறு. பிள்ளையின்ர உள்ளங்கால் காய்ஞ்சு கிடக்கு, ஒரு பொட்டு மண் இல்லை. நம்பினால் நம்புங்கோ.

"ஆரா இருந்தால் என்ன, பிள்ளை கிடைச்சிட்டுது" எண்டா மனுசி. எனக்கும் அதே நிம்மதிதான், இப்ப நினைச்சாலும் பயத்தைவிட நிம்மதிதான் கூட.

ஆனால் இங்க வந்த பிறகு, ஸ்கூலுக்குப் போகேக்க ஆரணி வலது கையைத்தான் எனக்குத் தருவாள். இடது கையைக் கேட்டால், "அதை அன்ரி பிடிச்சிருக்கிறா அப்பா" எண்டுவாள். பஸ் போய்வாற ரோட்டு அண்ணை. அந்தக் கையை விடு எண்டு நானும் சொல்லேல்லை.